ஹெட்லி எட்டிப் பார்த்த பெட்டி

ஆஸ்திரேலியாவில், டிம்பூலா ஊர்க் கறி ஆலையில் நாளொன்றுக்கு நாலாயிரம் ஆடு சாகும். அவற்றில் ஒன்றைக்கூட ஹெட்லி நோஸ்கி தொட்டதில்லை. ஆனாலும் ஆலையில் முரடன் யார் என்று கேட்டால், கத்தி பிடிக்கிற அத்தனை பேரும் அவன் பக்கம்தான் மோவாயை ஆட்டுவார்கள். அதில் நியாயமும் உண்டு. காலை ஆறு மணியிலிருந்து ஆட்டின் விலாவில் கோபத்தையெல்லாம் இறக்கிவிட்டு, சாயங்காலம் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு புல் வெட்டுகிற சாதுக்கள் அவர்கள். ஹெட்லிக்கு இறக்கிவைக்க ஆடு கிடையாது, கீபோர்டுதான் உண்டு. எட்டு வருடத்தில் ஒன்பது உடைத்திருக்கிறான். ஒன்பதாவதை உடைத்தது மேலாளரின் கார் கண்ணாடிமேல். அதனால் அதை இரண்டாக எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவன் வேலைக்குப் பெயர் டிரைவர் எழுதுவது. ஊரில் பாதிப் பேர் அவன் லாரிக்காரர்களைப் பற்றி ஏதோ எழுதுகிறான் என்று நினைத்திருந்தார்கள், அவனும் திருத்தியதில்லை. விஷயம் இவ்வளவுதான். சில சிப்புகள் பிறக்கும்போது ஒன்றும் தெரியாமல் பிறக்கும். நீ ரம்பம் ஓட்டு என்றால் உள்ளே இருக்கும் இணைப்புகளை அதற்கேற்றபடி மாற்றிப் பின்னிக்கொண்டு ரம்பம் ஓட்டும். நாளைக்கு எக்ஸ்ரே பார் என்றால் அதையும் பார்க்கும். அரசியல்வாதியும் இப்படித்தான் மாறுவார் என்றாலும், சிப் சொன்னதைச் செய்யும். அந்தச் சிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற புரோகிராம்தான் டிரைவர்.

முறையாக எழுதுகிறவர்கள் அதைக் கர்னல் என்கிற கருவறைக்குள் வைப்பார்கள். அங்கே ஒரு தப்பு நடந்தால் கோயிலே இடிந்து விழும். அதனால் ஹெட்லி உள்ளே போவதில்லை. வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்தபடியே கருவறைச் சுவரில் ஓர் ஓட்டை போட்டு, அது வழியாகச் சிப்பின் பெட்டிகளில் எண் போடுவான், எண் எடுப்பான். வசதிதான். ஆனால் உள்ளே குருக்கள் நின்றால் ஒரு நேரத்துக்கு ஒருத்தரைத்தான் விடுவார். சுவர் ஓட்டையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

முரட்டுத்தனத்தை அவன் வெளியூர் போய்க் கற்கவில்லை. அப்பன் எர்வின் நோஸ்கி அதே ஆலையின் கொலைத்தளத்தில் முப்பது வருடம் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் தேவாலயத்தில் முன்வரிசை. மற்ற ஆறு நாளும் வீட்டில் பெல்ட். பிள்ளை படித்து மெல்போர்னில் அளவுக் கருவி செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். அங்கே ஒரு தலைவர், அவன் எழுதிய டிரைவர் வேலை செய்கிறது, ஆனால் அழகாக இல்லை என்றார். ஹெட்லி சூடான சால்டரிங் அயர்னை அவர் முகத்தைப் பார்த்து எறிந்தான். குறி தப்பியது. வேலை தப்பவில்லை. முப்பத்தொன்பது வயதில் டிம்பூலாவுக்குத் திரும்பி, அப்பன் ரத்தம் கழுவிய ஆலையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவனாக உட்கார்ந்தான்.

இரண்டு வருடம் முன்பு ஆலைக்கு ஒரு வெட்டு இயந்திரம் வந்தது. உரித்துத் தொங்கும் ஆட்டை எக்ஸ்ரேயில் பார்த்து, எலும்பு எங்கே ஓடுகிறது என்று சிப் கணக்குப் போடும். எட்டடி இரும்புக் கை ஒன்று வட்ட ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று துண்டாகப் பிளக்கும். ஆறு நொடிக்கு ஓர் ஆடு. செய்தவர்கள் பாதி வேலையில் கடையைச் சாத்திவிட்டுப் போக, மீதியை ஹெட்லி எழுதினான். எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற எலும்பு அறையில் அதற்கு மாமியார் என்று பெயர் விழுந்தது. நாள் முழுக்கச் சத்தம். திடீரென்று காரணம் சொல்லாமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

பெயர் வைத்தவன் ராஸ் பெட்ஷெல். எலும்பு அறையின் தலைக்கத்தி, தொழிற்சங்கத்தின் பிரதிநிதி, ஹெட்லியோடு ஒரே வகுப்பு, ஃபுட்டி என்கிற அந்த ஊர்க் கால்பந்தில் ஒரே அணி. இவ்வளவு பொருத்தம் இருந்தால் பகை வராமல் என்ன செய்யும்?

"டேய் நோஸ்கி, உன் மாமியாருக்கு எத்தனை பேர் வேலை வேணுமாம்?" என்று ஃபுட்டி கிளப்பில் ஒரு சனிக்கிழமை ராஸ் ஆரம்பித்தான்.

"உன் ஒருத்தன் வேலை போதுமாம் மாப்ளே. மத்தவங்களாவது வேலை செய்யறாங்க."

ராஸ் முக்காலியைத் தூக்கினான். ஹெட்லி பீர் ஜாடியைத் தூக்கினான். அரை மணி நேரத்தில் இரண்டு விலா, ஒரு பல், ஒரு ஜன்னல். ஊர் வழக்கப்படி யாரும் போலீசுக்குச் சொல்லவில்லை. போலீஸ்காரர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை இருவரும் நேரத்துக்கு வேலைக்கு வந்தார்கள்.

மாமியார் எதற்காக மூஞ்சியைத் திருப்புகிறாள் என்பது ஹெட்லிக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகளால் ஒரு வேலி. எதுவும் குறுக்கே போனால் சிப் ஒரு பெட்டியில் 'ஒன்று' என்று எழுதிவைக்கும். ஹெட்லியின் டிரைவர் நொடிக்குப் பத்துத் தடவை அந்தப் பெட்டியைப் பார்க்கும். ஒன்று இருந்தால் இரும்புக் கையை நிறுத்தும். இதைச் சிப்பே நேரடியாகச் செய்திருக்க வேண்டும் என்று விவரமுள்ள எவனும் சொல்வான். விவரமுள்ளவர்கள்தான் கடையைச் சாத்திவிட்டார்களே. பக்கக் கதவில், திறந்தால் மின்சாரத்தையே வெட்டிவிடும் சுவிட்ச் ஒன்றும் இருந்தது. அதை மேலாளர் உத்தரவுப்படி பிளாஸ்டிக் பட்டையால் கட்டிப்போட்டிருந்தார்கள், அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது என்கிற குற்றத்துக்காக.

ஒளிவேலிக்குக் கையென்றும் ஆவியென்றும் பேதம் தெரியாது. வெந்நீர் ஆவி போனாலும் நிற்கும், கொழுப்புத் துளி தெறித்தாலும் நிற்கும். ஒரு ஷிஃப்டில் அறுபது தடவை. ஒவ்வொரு தடவையும் வெள்ளை உடுப்பில் முப்பது பேர் கத்தியோடு நின்று சிரிப்பார்கள். அவர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது. கொக்கியில் ஆடு முறுக்கிக்கொண்டு வந்தால், பொத்தான் தேடிப் போவதில்லை. கையை வேலிக்குள் நீட்டுவார்கள், மாமியார் நிற்பாள், ஆட்டைத் திருப்பி விட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துவார்கள். எலும்பு அறையின் வழக்கமே அதுவாகிவிட்டது.

"அடுத்த வாரம் இது நிக்காம ஓடணும் ஹெட்லி," என்றார் மேலாளர் குவென்டின் ஹாலரன். கார் கண்ணாடிக்குச் சொந்தக்காரர். "எப்படி ஓட்டுவியோ தெரியாது."

எந்த நேரத்தில் எதனால் நிற்கிறது என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? ஹெட்லி இருபது வரியில் ஓர் ஒற்றனை எழுதினான். அந்தப் பெட்டியை நொடிக்கு ஆயிரம் தடவை எட்டிப் பார்க்கும்; ஒன்று தெரிந்தால் நேரத்தைக் குறித்துவைக்கும். வேறு எதையும் தொடாது. பார்ப்பதால் யாருக்கு என்ன கெடுதல்? செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஓட விட்டான்.

சிப்போடு வந்த கையேட்டின் முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தில், அடிக்குறிப்புக்கும் அடியில், ஒரு வரி உண்டு. அந்தப் பெட்டி படித்தவுடன் அழியும். முதலில் பார்க்கிறவனுக்கு 'ஒன்று' கிடைக்கும். அடுத்து வருகிறவனுக்குப் பூஜ்யம்தான். டிரைவர் எழுதிய காலத்தில் ஹெட்லி அதைப் படித்திருந்தான். எட்டிப் பார்க்க ஒரே ஆள் இருந்தவரை அதை நினைவில் வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது ஓட்டையில் இரண்டு பேர். ஒருவன் ஆயிரம் தடவை பார்க்கிறான், ஒருவன் பத்துத் தடவை. நிறுத்த வேண்டியவன் வருவதற்குள் வேடிக்கை பார்க்கிறவன் செய்தியைத் தின்றுவிடுகிறான்.

மாமியார் நிற்கவே இல்லை.

ஏழு மணி, எட்டு மணி, ஒன்பது மணி. ஆறு நொடிக்கு ஓர் ஆடு, ரம்பம் ஏறி இறங்கி ஏறி இறங்கி. முப்பது பேரும் மூச்சு விட நேரமில்லாமல் வெட்டினார்கள். ஒற்றனின் பதிவில் வரி மேல் வரி விழுந்துகொண்டிருந்தது. வேலி அறுந்ததாகச் சொல்கிறான், இயந்திரமோ நிற்கவில்லை. ஹெட்லி இதைப் பார்த்தான். பார்த்து, சின்னத் தடங்கலுக்கு நிற்காமலிருக்க டிரைவரில் தான் நேற்று மாற்றிய ஓர் எண் ஆவித் தொல்லையைத் தீர்த்துவிட்டது என்று முடிவு கட்டினான். வெற்றி வரும்போது அதன் அப்பன் பெயரை யார் விசாரிக்கிறார்கள்?

ஒன்பதரை மணி ஸ்மோக்கோவில், அதாவது தேநீர் இடைவேளையில், ராஸ் அவன் மேஜைக்கே வந்தான். கையில் இரண்டு சாசேஜ் ரோல்.

"ஒண்ணு உனக்கு. விஷம் வைக்கல."

"வச்சிருந்தாலும் ருசி தெரியாது. பல்லத்தான் நீ பிடுங்கிட்டியே."

ராஸ் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நல்லாத்தான் ஓடுது, ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆவிக்கு நிக்கல, சரி. கை போனா நிக்குமா?"

"நிக்கும்டா."

"பாத்தியா?"

"நான்தானேடா எழுதினேன்!"

ராஸ் தலையாட்டிவிட்டுப் போனான். ஹெட்லி சாசேஜ் ரோலைத் தின்றான். ஓர் ஆட்டுக்காலை எடுத்து வேலிக்குள் நீட்டிப் பார்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ரோல் தின்ன ஆன நேரத்தில் பாதி.

பத்து மணி பதினாலு நிமிடத்துக்கு, அன்றைக்கு முதல் தடவையாக, ஓர் ஆடு கொக்கியில் முறுக்கிக்கொண்டு வந்தது. ராஸ் வலது கையை நீட்டினான். இரும்பு வலைக் கையுறை மணிக்கட்டோடு முடிகிறது. ரம்பம் அதற்கு நாலு அங்குலம் மேலே இறங்கியது. சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. ஆட்டின் எலும்பும் ராஸின் எலும்பும் அதற்கு ஒன்றுதான். இரும்புக் கை நிதானமாகப் பின்வாங்கி அடுத்த ஆட்டைப் பிளந்தது. ராஸின் கை, கையுறையோடு, கத்தியைப் பிடித்தபடியே, முன்தொடைத் துண்டுகளோடு பெல்ட்டில் ஏறிப் பொட்டலம் கட்டுகிற பக்கம் போனது. கொக்கி மாற்றுகிற டோரீன் அலறிய பிறகுதான் மற்றவர்கள் திரும்பினார்கள்.

ஹெட்லி மேஜையிலிருந்து ஓடிவந்து, இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைக் குத்தினான். குத்திய வேகத்தில் அதன் மூடி உடைந்து உள்ளங்கையில் ஏறியது. வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம். ராஸ் முழங்காலிட்டு, இல்லாத கையைத் தரையில் ஊன்ற முயன்று, முகம் குப்புற விழுந்தான். ஹெட்லி அவன் மேல் ஏறி உட்கார்ந்து, ஏப்ரன் நாடாவை முழங்கைக்கு மேலே சுற்றி, கத்தி தீட்டுகிற கம்பியைச் செருகி முறுக்கினான். ராஸ் மறுகையால் அவன் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தான்.

"நின்னுச்சாடா?" என்று கேட்டான். "நோஸ்கி, அது நின்னுச்சா?"

ஹெட்லி இன்னொரு சுற்று முறுக்கினான்.

ஹெலிகாப்டர் ராஸைக் கொண்டுபோனது. கை ஐஸ் பெட்டியில் கூடவே போனது, ஒட்டவில்லை. இயந்திரத்துக்கு முத்திரை வைத்தார்கள். தொழிலாளர் பாதுகாப்புத் துறை இன்ஸ்பெக்டர் அம்மாள் வெரிட்டி ஓக்ஸ் வருவதற்குள் கதவு சுவிட்சின் பிளாஸ்டிக் பட்டை தானாகக் கழன்று விழுந்து குப்பைத்தொட்டிக்கு நடந்தே போயிருந்தது. தொழிலாளி தடை செய்த இடத்தில் கையை நீட்டினார் என்று முதல் அறிக்கை சொன்னது. ராஸும் படுக்கையிலிருந்து, "நான்தான் மெதுவா இருந்துட்டேன், வயசாகுது," என்று சொல்லியிருந்தான். முப்பது வருடத்தில் ஒரு விரல்கூட இழக்காதவன், தன்னைத் தானே மடையன் என்று எழுதிக் கையெழுத்தும் இடது கையால் போட்டிருந்தான்.

மூன்று வாரம் ஹெட்லி ஒற்றனின் பதிவைத் திறக்கவில்லை. முத்திரை என்பது சாக்கு. பதிவு அவன் மேஜையில்தான் இருந்தது.

முத்திரை எடுத்த வியாழக்கிழமை மேலாளர், "திங்கட்கிழமை ஓடணும்," என்றார். ஹெட்லி இயந்திரத்தைக் கிளப்பினான். ஓர் ஆட்டுக்காலை வேலிக்குள் நீட்டினான். ரம்பம் அதை அறுத்தது. ஒற்றனைக் கொன்றுவிட்டு (புரோகிராமை நிறுத்துவதற்கு அவன் தொழிலில் அதுதான் பெயர்) இன்னொரு காலை நீட்டினான். இரும்புக் கை பாதியில் நின்றது. ஒற்றனை மறுபடி உயிர்ப்பித்தான். அறுத்தது. கொன்றான். நின்றது. பதினோரு ஆட்டுக்கால் தீரும்வரை மாற்றி மாற்றிச் செய்தான். பதினோராவதுக்கு மேல் சந்தேகப்பட இடமில்லை. குளிரறை இரும்புச் சுவரில் குத்தினான். இரண்டு விரல் முட்டி உடைந்தது. பிறகுதான் பதிவைத் திறந்தான். கடைசி வரி: பத்து பதினாலு. ஒற்றன் ராஸின் கையைப் பார்த்திருந்தான். பார்த்து, அக்கறையாகக் குறித்துவைத்துக்கொண்டு, பெட்டியைத் துடைத்திருந்தான்.

மேலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரி, அந்தப் புரோகிராமை எடுத்துட்டா தீர்ந்துச்சு இல்ல? பதிவையும் அழிச்சுடு. ராஸே ஒத்துக்கிட்டான். உனக்கென்ன வந்துச்சு?"

"ஒரு தடவை அழிச்சதுக்கு ஒரு கை போயிருக்கு, குவென்டின்."

"அதான் போயிடுச்சே. இனிமே நீ சொல்றதால அது முளைக்குமா?"

ஹெட்லி அவரை டையோடு பிடித்து மேஜைமேல் இழுத்தான். முகம் மரத்தில் மோதிய சத்தம் வராந்தாவரை கேட்டது. பிறகு மானிட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தான். பத்தாவது கீபோர்டு கம்பியோடு தொங்கிக்கொண்டு கூடவே போனது. பதிவை அச்செடுத்த தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ராஸ் வீட்டுக் கதவைத் தட்டினான். ராஸின் மனைவி க்ளெனிஸ் திறந்து, உடைந்த முட்டிகளைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். ராஸ் சமையலறை மேஜையில் இருந்தான். வலது சட்டைக்கை மடித்துப் பின் குத்தியிருந்தது.

"என்னடா, பூங்கொத்து எங்கே?"

"உன்மேல தப்பு இல்ல, ராஸ்."

"ஆறுதலா? நீயா? போடா. கண்ணு மந்தமாயிடுச்சு, அவ்ளோதான்."

"இல்லடா. நீ கைய நீட்டினது சிப்புக்குத் தெரிஞ்சுச்சு. ஒழுங்கா எழுதி வச்சுச்சு. நான் வேடிக்கை பாக்க ஒரு புரோகிராம் வச்சிருந்தேன். அது முந்திக்கிட்டுப் பாத்துட்டு, எழுதினத அழிச்சிருச்சு. நிறுத்தவேண்டியதுக்குச் சேதியே போகல. பாக்கறதே அழிக்கும்னு எனக்குத் தெரியும். மறந்துட்டேன். நிக்கும்னு உங்கிட்ட சொன்னேன், ஒரு ஆட்டுக்கால விட்டுக்கூடப் பாக்காம சொன்னேன்."

கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. க்ளெனிஸ் அணைக்கவில்லை.

"இன்ஸ்பெக்டருக்கு?" என்று கேட்டான் ராஸ்.

"காலையிலயே ஹார்ஷம்ல அவங்க ஆபீசுக்கே போய்ச் சொல்லிட்டேன். கதவு சுவிட்சையும் சேத்து. எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு."

"அப்புறம் இங்க எதுக்கு வந்தே?"

"இதுக்குத்தான்."

ராஸ் எழுந்தான். இடது கையால் ஓங்கினான். ஹெட்லியின் காதை உரசிக்கொண்டு போய் அலமாரிக் கதவில் இடித்தது. இரண்டாவது தோளில் விழுந்தது. ராஸுக்கு மூச்சு வாங்கியது.

"அசையாம நில்லுடா நாயே. இது பழகாத கை."

ஹெட்லி அசையாமல் நின்றான். கைகளைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான், அவை தாமாக எழுந்துவிடக் கூடாது என்று. மூன்றாவது குத்து மூக்கில் சரியாக உட்கார்ந்தது. ஒரு சின்னச் சத்தம். நாலாவதில் தரையில் கிடந்தான். ராஸ் காலால் விலாவில் இரண்டு உதைத்துவிட்டு நாற்காலியில் விழுந்தான்.

"தையல் பிரிஞ்சிடப் போகுது," என்றாள் க்ளெனிஸ். உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்தாள். ஹெட்லி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் பொட்டலத்தாலேயே அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "இது என் பங்கு." பிறகு அதைப் புருஷனின் இடது முட்டியில் வைத்துக் கட்டினாள்.

ராஸ் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, "அந்தப் பதிவுல என் ஒருத்தன் கை மட்டும்தானா?" என்றான்.

ஹெட்லி தாளை எடுத்து விரித்தான். "மொத்தம் நாப்பத்திமூணு வரி. கடைசிதான் உன்னுது."

"படி."

"ஏழு நாப்பத்தொண்ணு."

ராஸ் கண்ணை மூடிக்கொண்டான். எலும்பு அறையின் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு மனப்பாடம். "டோரீன். கொக்கி மாத்துற நேரம். அவ முழங்கை எப்பவும் உள்ள போகும்."

"ஏழு ஐம்பத்தெட்டு."

"அவளேதான்."

"எட்டு பன்னண்டு."

"ஆவி. தரை கழுவுவாங்க. அடுத்தது."

"எட்டு இருபத்தாறு."

ராஸ் கண்ணைத் திறந்தான். "என் தம்பி பிரையன். பெல்ட்டுக்குக் கீழ குனிஞ்சு கொழுப்பு வழிப்பான். தலை போகும்டா உள்ள. தலை."

ஹெட்லியின் மூக்கிலிருந்து ரத்தம் தாளில் சொட்டியது. துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான். ஆவியைக் கழித்து, ஆறு பேர் தேறினார்கள். ஒவ்வொரு பெயரையும் க்ளெனிஸ் கெட்டில் பக்கத்துக் காலண்டரின் பின்னால் எழுதிக்கொண்டே வந்தாள்.

"இந்த ஆறு வீட்டுக்கும் போவே," என்றான் ராஸ். "இங்க சொன்னத அப்படியே சொல்லுவே."

"போறேன்."

"டோரீன் புருஷன் மைல்ஸ் குத்துச்சண்டை ஆடினவன். தெரியும்ல?"

"தெரியும்."

"அவங்க வீட்டுக்கு முதல்ல போ. மூக்கு ஏற்கெனவே உடைஞ்சிருக்கறப்பவே போயிட்டு வந்துரு."

ஹெட்லி எழுந்து, க்ளெனிஸ் நீட்டிய காலண்டர் தாளை வாங்கிக்கொண்டான். முதல் பெயரான டோரீனுக்கு நேரே வீட்டு எண்ணையும் க்ளெனிஸ் எழுதியிருந்தாள்.